வன்னியில் இசைக்காரருக்கு ஒரு கூடம் கட்டினால் முதலில் யாருடைய பெயரை எழுதுவது?

வவுனிக்குளம் எழுதியது:

வன்னியில் இசைக்காரருக்கென்று ஒரு நினைவுக்கூடம் கட்டினால் சுவரில் யாருடைய பெயர் முதலில் வரவேண்டும் என்று வேறொரு இழையில் சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர் எடுத்த பாடகர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை. அவர்களுக்குப் பாட்டு இருக்கிறது, கேட்கிற சனம் இருக்கிறது. எஸ்.ஜி. சாந்தன் 2017 பெப்ரவரியில் காலமானபோது எவ்வளவு சனம் திரண்டது என்று எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரை யாரும் நினைவூட்டத் தேவையில்லை. நான் கேட்பது கூத்து ஆடுகிற களரியின் ஓரத்தில் இருந்தவர்களைப் பற்றி. மத்தளம் அடித்தவர், உடுக்குப் பிடித்தவர், ஆர்மோனியம் வாசித்தவர், பிற்பாட்டுப் பாடியவர், பறை அடித்தவர். இவர்கள் இல்லாமல் வன்னியில் ஒரு கூத்தோ பொங்கலோ நடந்ததில்லை. ஆனால் நோட்டீசில் இவர்களுடைய பெயர் வந்ததும் இல்லை.

காத்தவராயன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் நேர்த்திக்கு ஆடுவார்கள். இரவு தொடங்கினால் விடியும். ஆதிக் காத்தான், நடுக் காத்தான் என்று பாத்திரம் ஏற்பவர்கள் மாறிக்கொண்டே போவார்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவர் வருவார். உடுக்குக்காரர் மாறமாட்டார். இடது கையில் உடுக்கின் இடுப்பைப் பிடித்து, கயிற்றை நெரித்தும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குவார். வலது கை விரல்கள் தோலில் நடக்கும். சிந்து நடையில் ஒரு புதுப்பெடியன் தாளம் தப்பினால் அவர் முகத்தைக்கூடச் சுளிக்க மாட்டார். நடையைக் கொஞ்சம் இழுத்து, பெடியனின் கால் வந்து சேரும்வரை காத்திருந்து, பிறகு பழைய வேகத்துக்குக் கொண்டுபோவார். பார்த்துக்கொண்டிருக்கிற சனத்துக்குத் தப்பு நடந்ததே தெரியாது. விடிந்தபிறகு மாலை விழுவது காத்தவராயனுக்கு.

அந்த மனிதருக்குத்தான் நான் முதலிடம் கேட்கிறேன். உங்கள் ஊரில் யார் என்று எழுதுங்கள். உயிரோடு இருப்பவர் என்றால் அவரைக் கேட்காமல் பெயர் போடவேண்டாம். ஊரும் வாத்தியமும் போதும்.

சுருதிப்பெட்டி எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் ரொறன்ரோவில் இருக்கிறேன். பிறந்தது மாங்குளம்.

நீங்கள் கேட்கிற விஷயம் வெளியிலும் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரத்தில் ரொக் இசைக்காரருக்கு ஒரு பெரிய கூடம் இருக்கிறது. 1986இல் முதல் தொகுதிப் பெயர்களை அறிவித்தார்கள்; கட்டடம் 1995இல்தான் திறந்தது. முதல் இசைத்தட்டு வந்து 25 வருடம் ஆகியிருக்கவேண்டும் என்பது விதி. ஆண்டுக்கு ஆண்டு யாரை விட்டுவிட்டார்கள் என்று சண்டை நடக்கும். சிஸ்டர் ரொசெற்றா தார்ப் என்று ஒரு கறுப்பினப் பெண், தேவாலயப் பாட்டை மின்சார கிட்டாரில் வாசித்தவர். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லாம் முதலிலேயே உள்ளே போய்விட்டார்கள். அவர் 1973இல் இறந்தார். கல்லறையில் பெயர்க்கல்கூட நெடுங்காலம் இல்லை. 2018இல்தான் கூடத்தில் பெயர் ஏறியது.

ஆனால் அங்கே நல்லதும் ஒன்று செய்தார்கள். 2000ஆம் ஆண்டு பக்கவாத்தியக்காரருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார்கள். முதல் ஆண்டிலேயே ஜேம்ஸ் ஜேமர்சன் என்ற பேஸ் கிட்டார்க்காரர் உள்ளே வந்தார். டிட்ரொயிட் மோட்டவுன் கம்பனியின் எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளமே அவருடைய வாசிப்புத்தான். பல வருடம் இசைத்தட்டு உறையில் பெயர் போடவில்லை. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை, 1983இலேயே போய்விட்டார்.

அவர்கள் பதினான்கு வருடம் கழித்துச் செய்ததை நாங்கள் முதல் நாளிலேயே செய்யலாம் என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஒன்றை மட்டும் அங்கிருந்து எடுக்கக்கூடாது: இசைத்தட்டு வந்திருக்கவேண்டும் என்கிற விதி. அதை வைத்தால் வன்னியில் ஒருவரும் தேறமாட்டார்.

கட்டுக்கரை எழுதியது:

மன்னார்ப் பெருநிலப் பக்கத்தையும் வன்னி என்று எடுப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்களுக்குக் கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார்தான் எல்லாம். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வழி. நாடகம், வாசாப்பு என்று இரண்டு வகை. கோவில் திருநாளுக்கு ஆடுவது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மன்னார் நாடகங்கள் சிலவற்றை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அது பெரிய காரியம். அந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் சொற்களும் போயிருக்கும்.

ஆனால் அந்தப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். மேலே விருத்தம் என்று இருக்கும், கீழே தரு என்று இருக்கும், கொச்சகம் என்று இருக்கும், எல்லாம் பாட்டு வகைகள். எப்படிப் பாடுவது என்று இருக்காது. அது அண்ணாவியாரின் தொண்டையில் இருந்தது. அரசன் தருவும் மந்திரி தருவும் தாளில் ஒரேமாதிரித்தான் தெரியும். அவர் பாடும்போது இது எந்தப் பாத்திரத்தின் வரவு என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சொல்லலாம். பிற்பாட்டுக்காரர் அந்த மெட்டைப் பிடித்து, நடிகன் மூச்சு வாங்குகிற நேரத்தில் அடியைத் திருப்பிப் பாடி நிரப்புவார். மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். அண்ணாவியார் ஒவ்வொரு வீட்டுப் பெடியனுக்கும் அவன் குரலுக்கு ஏற்றமாதிரித்தான் தருவைக் கொடுப்பார். உச்சம் எட்டாதவனுக்கு மெட்டை வளைத்துக் கொடுப்பார்.

எங்கள் ஊரில் ஒரு ஐயா இருக்கிறார். மூவிராசர் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடியவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கொப்பி எல்லாம் போய்விட்டது. மனதில் இருக்கிறது. அச்சிட்ட புத்தகத்தை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் வாசிக்கமாட்டார், பாடுவார். அவர் போனபிறகு அந்தப் புத்தகத்தை வைத்து யாரும் பாடமுடியாது.

என் பெயர்ப்பட்டியலில் முதலாவது அவர். இரண்டாவது அவருக்கு மத்தளம் அடித்தவருடைய மகன். அவர் இப்போது மேசன் வேலை.

தனி ஆவர்த்தனம் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் இசை என்று வந்தால் தரம் என்று ஒன்று இருக்கவேண்டும் அல்லவா? தவிலுக்கு யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி இருந்தார். தமிழ்நாட்டு வித்துவான்களே தலைவணங்கிய கை. நாதஸ்வரத்துக்கு அளவெட்டி என்.கே. பத்மநாதன், சாவகச்சேரி கே.எம். பஞ்சாபிகேசன். இசைநாடகத்துக்கு நடிகமணி வி.வி. வைரமுத்து. வன்னிக் கோவில்களில் இப்படிப்பட்டவர்களின் மேளத்தையும் நாடகத்தையும் கேட்க வண்டில் கட்டிக்கொண்டு வந்து இரவிரவாகக் காத்திருந்தவர்கள் எங்கள் சனம். இவர்களை விட்டுவிட்டு ஊர் உடுக்குக்காரருக்கு முதலிடம் என்றால் நாளைக்கு யாரும் அந்தக் கூடத்தை மதிக்கமாட்டார்கள். வாசிப்பை வைத்து அளக்கவேண்டும். பரிதாபத்தை வைத்து அளக்கக்கூடாது.

வவுனிக்குளம் எழுதியது:

தனி ஆவர்த்தனம், நீங்கள் சொன்ன நான்கு பேரையும் நானும் கும்பிடுகிறேன். தட்சிணாமூர்த்தி 1975இல் காலமானவர். அவரைப் பற்றி ஆவணப்படம் வந்து இந்தியாவில் தேசிய விருதே பெற்றது. வைரமுத்துவின் அரிச்சந்திரனை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறோம். அவர்கள் மறக்கப்பட்டவர்கள் இல்லை. இந்த இழை மறக்கப்பட்டவர்களைப் பற்றியது.

பரிதாபம் என்று சொன்னீர்களே, அதை நான் ஏற்கமாட்டேன். வாசிப்பை வைத்தே அளப்போம். விடியவிடிய ஒற்றை ஆளாக நடை குலையாமல் ஓட்டுவது எளிதான வாசிப்பா? கச்சேரியில் தவில்காரர் எதிரே இருப்பவர் பயிற்சி பெற்ற வித்துவான். கூத்துக்களரியில் மத்தளக்காரருக்கு எதிரே நிற்பவன் நேற்றுவரை வயலில் நின்றவன். அவனையும் தூக்கி நிறுத்தி, அண்ணாவியாரின் கண்ணையும் பார்த்து, வரவு முடிகிற இடத்தில் தாளத்தை முடிக்கிற தீர்மானம் வைக்கவேண்டும். இந்த வித்தைக்கு வேறு அளவுகோல் தேவை. அளவுகோல் நம்மிடம் இல்லை என்பதற்காக வித்தை இல்லை என்று சொல்லலாமா?

பழைய கசற் எழுதியது:

நான் கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். பொப் இசையை யாரும் எழுதவில்லையே. நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், திருகோணமலை எம்.பி. பரமேஷ். இலங்கைத் தமிழில் எங்கள் பேச்சிலேயே பாடலாம் என்று காட்டியவர்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். வானொலி மெல்லிசை என்று எடுத்தால் எஸ்.கே. பரராஜசிங்கம் இருக்கிறார். சிங்களப் படங்களுக்கு இசையமைத்த ஆர். முத்துசாமி, எம்.கே. ரொக்சாமி இருக்கிறார்கள், அவர்கள் தமிழர் என்பதே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது. இவர்கள் வன்னிக்காரர் இல்லைத்தான். ஆனால் வன்னிக் கலியாண வீட்டில் லவுட்ஸ்பீக்கரில் பாடியது இவர்கள்தான்.

அந்த லவுட்ஸ்பீக்கர்காரருக்கும் ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் வந்தேன். இசைக்காரர் இல்லை என்று சொல்வீர்கள். 90களில் வன்னிக்குள் பற்றறி வரத் தடை. கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் மிதியைக் கையால் சுற்ற, டைனமோவில் றேடியோ கேட்ட காலம். கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் இரையும், மெதுவாகச் சுற்றினால் குரல் அமுங்கும். சரியான வேகத்தில் சுற்றவென்றே ஒரு ஆள் இருப்பார். மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஓடவைத்து ஊர்த் திருவிழாவுக்குப் பாட்டுப் போட்டவர் அந்தக் கசற்றுகளை சேலைத் துணியில் சுற்றி, ஒவ்வொரு இடம்பெயர்வுக்கும் தலையில் தூக்கிக்கொண்டு போனார். ஊர்க் கூத்தைப் பதிந்துவைத்த கசற்றுகளும் அவரிடம்தான் இருந்தன. 2009 இறுதிப் போரில் எல்லாம் போயிற்று. பதிவு இல்லாத காரணத்தால் ஒருவரைத் தள்ளக்கூடாது என்று சுருதிப்பெட்டி எழுதியதை நான் ஆயிரம் தடவை வழிமொழிகிறேன். பதிவு இருந்தது. அது எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும்.

நந்திக்கடல் ஓரம் எழுதியது:

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதா விடுவதா என்று யோசித்து எழுதுகிறேன்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் வைகாசியில். அதற்கு முன்னமே பாக்குத்தெண்டல் என்ற சடங்கு, பிறகு சிலாவத்தைக் கடலில் தீர்த்தம் எடுத்து வருவது, முள்ளியவளை காட்டா விநாயகர் கோவிலில் அந்தக் கடல் தண்ணீரில் விளக்கு எரிப்பது, அதன்பிறகு வற்றாப்பளையில் பொங்கல். உப்புத்தண்ணீரில் விளக்கு எரிகிறது என்று எல்லோரும் எழுதுவார்கள். தீர்த்தம் வருகிற வழியில் பறை முழங்குமே, அதை அடிப்பவர் யார் என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள்?

என் அம்மாவின் தகப்பன் பறை அடித்தவர். எந்தக் கோவில் என்று எழுதமாட்டேன். அவருக்குச் சாவீட்டு அடி தெரியும், கோவில் அடி தெரியும், இரண்டையும் கலக்கமாட்டார். சாவீட்டிலேயே வீட்டு வாசலில் ஒன்று, தெருவில் நடக்கும்போது ஒன்று, சுடலை நெருங்கும்போது ஒன்று. கோவிலில் கலை வந்து, அதாவது சாமி வந்து, ஆடுபவரின் காலைப் பார்த்துத்தான் அடிப்பார். ஆடுபவர் வேகம் எடுத்தால் முதலில் ஏற்றிக்கொடுத்து, ஆள் விழுந்துவிடுவார் என்று தெரிந்தால் அடியை மெல்ல மெல்ல இறக்கி அவரை நிலத்துக்குக் கொண்டுவருவார். அடிக்க முன்னம் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சுவார். விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று திரும்பவும் நெருப்புக்குக் காட்டுவார். சின்ன வயதில் அந்த வாசனையும் சத்தமும் எனக்குப் பிடிக்கும்.

இவ்வளவு வித்தை தெரிந்த மனிதரை வாசலுக்கு வெளியே நிறுத்தித்தான் அடிக்க வைத்தார்கள். அவருக்குச் சேரவேண்டியதைக் கடைசியில்தான் கொடுத்தார்கள். அதனால் மாமாவுக்கு அவர் சொல்லிக்கொடுக்கவில்லை. “என்னோட போகட்டும்” என்றார். மாமாவும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இன்றைக்கு ஒருவருக்கும் அந்த அடி தெரியாது.

இப்போது நீங்கள் சுவரில் பெயர் போடுவோம் என்கிறீர்கள். நல்ல எண்ணம் என்று விளங்குகிறது. ஆனால் அந்தப் பெயரை ஊரில் வாசிப்பவர்கள் இசைக்காரர் என்று வாசிப்பார்களா, சாதியை வாசிப்பார்களா? என் தங்கச்சியின் பிள்ளைகள் அந்த ஊரில்தான் படிக்கிறார்கள். அவர்கள் யாருடைய பேரப்பிள்ளைகள் என்று சுவரில் எழுதிவைத்த மாதிரி ஆகும். இதற்கு உங்களிடம் என்ன பதில்?

தனி ஆவர்த்தனம் எழுதியது:

சகோதரம், நீங்கள் எழுதியதை வாசித்தபிறகு தரத்தைப் பற்றி முன்னர் எழுதிய தொனியில் என்னால் தொடரமுடியவில்லை. ஆடுபவரின் காலைப் பார்த்து அடியை இறக்குவது என்று எழுதினீர்களே, அது பெரிய வித்துவானுக்கும் எளிதில் வராத காரியம். தவில் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

மட்டக்களப்பில் பறைமேளக் கூத்தைப் பல்கலைக்கழக மட்டத்தில் எடுத்து, ஆற்றுகைக் கலையாக மேடையேற்றினார்கள். அந்தப் பெயரை மறைக்காமல் மரியாதையோடு சொல்ல வைத்தார்கள். அப்படி இங்கேயும் செய்யலாம் அல்லவா? வாத்தியத்துக்கு முதலில் இடம் கொடுத்தால் மரியாதை பிறகு தானாக வரும்.

நந்திக்கடல் ஓரம் எழுதியது:

தானாக வராது. மேடையில் அடித்தால் கலை, சாவீட்டில் அடித்தால் தொழில் என்று பிரித்துவிடுவார்கள். மேடையில் அடிப்பவர் யாராகவும் இருக்கலாம், சாவீட்டுக்கு மட்டும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள் என்றால் என்ன மாறியது?

நான் கூடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெயரை எழுதும்போது மற்றவர்களோடு ஒரே வரிசையில், ஒரே எழுத்தில் எழுதவேண்டும். “பறை” என்று தனிச் சுவர் கட்டவேண்டாம். தவில் வித்துவானுக்குப் பக்கத்தில், கூத்து அண்ணாவியாருக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கு முன்னம் அந்த வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். பெயர் இல்லாமலும் அடியைப் பதியலாம். இன்ன ஊரில், இன்ன பொங்கலுக்கு அடித்த அடி என்று. என் அம்மப்பாவுக்கு அதுவே போதும் என்று நினைக்கிறேன். அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்வேன்.

வவுனிக்குளம் எழுதியது:

நீங்கள் சொன்னதை அப்படியே விதியாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டாரைக் கேட்காமல் ஒரு பெயரும் ஏறாது. தனிச் சுவர் இல்லை. இதற்கு மேலே எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எழுதியதற்கு நன்றி.

ஓமந்தை ரீச்சர் எழுதியது:

இவ்வளவு நேரமும் ஒரு பெண்ணின் பெயர் வரவில்லை என்பதைக் கவனித்தீர்களா? அமெரிக்கப் பெண் ஒருவரைத் தவிர.

ஒப்பாரியை இசை என்று எடுப்பீர்களா இல்லையா? வன்னிக்கென்றே வேலப்பணிக்கர் ஒப்பாரி என்று ஒன்று இருக்கிறது. மதம்கொண்ட யானையை அடக்கிய அரியாத்தை கதையோடு சேர்ந்தது. அதைப் பேராசிரியர்கள் இலக்கியம் என்று எழுதுகிறார்கள். ஆனால் எங்கள் ஊரில் சாவீட்டில் பாடுகிற பெண்ணைப் பாட்டுக்காரி என்று யாரும் சொல்வதில்லை. அழுகிறாள் என்கிறார்கள்.

நான் பார்த்த ஒரு அம்மாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். இறந்தவரோடு தனக்கு என்ன உறவு என்பதை முதல் வரியில் வைப்பார். இரண்டாவது வரியில் அந்த மனிதரின் வயல், மாடு, அவர் வெட்டிய கிணறு, ஏதாவது ஒன்று வரும். எழுதிவைத்தது இல்லை, அந்த இடத்திலேயே கட்டுவது. வரி முடிகிற இடத்தில் குரலை இறக்கி இழுப்பார்; அந்த இழுப்பில் பக்கத்தில் இருக்கிற பெண்கள் சேர்வார்கள். அவர்கள் சேர்ந்து இழுக்கிற நேரத்துக்குள் அடுத்த வரியை மனதில் கட்டிவிடுவார். கூத்தில் பிற்பாட்டுக்கு எது வேலையோ அதுதான் இங்கேயும் நடக்கிறது. யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, தாயிடம் கேட்டது என்றார்.

வயல் பாட்டும் அப்படித்தான். அருவி வெட்டும்போது, அதாவது நெல் அறுக்கும்போது, ஒருவர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். நடுவில் பெண்கள் குரல் ஏறும். வெட்டிய நெல்லைச் சூடு மிதிக்கும்போது பொலிப் பாட்டுப் பாடுவார்கள். இப்போது மெசின் வந்து வெட்டி, அடித்து, மூட்டையாகவே தருகிறது. வேலை சுகமாகிவிட்டது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குனிந்து வெட்டி இடுப்பு முறிந்தவர்களுக்குத்தான் அந்த வேலையின் கஷ்டம் தெரியும். ஆனால் வேலை போனதோடு பாட்டும் போனது. பள்ளிக்கூடத்துத் தமிழ்த்தினப் போட்டிக்கு அருவி வெட்டுப் பாட்டு என்று பிள்ளைகள் ஆடுகிறார்கள். மெட்டு சினிமா மெட்டு.

அதனால் என் கோரிக்கை: கூடத்தில் பெண்களுக்கென்று கடைசியில் ஒரு மூலை ஒதுக்காமல், முதல் தொகுதியிலேயே ஒரு ஒப்பாரிக்காரியும் ஒரு வயல்பாட்டுக்காரியும் இருக்கவேண்டும்.

தண்ணீரூற்று எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இப்போது புத்தளத்தில் இருக்கிறேன். எங்கள் குடும்பம் 1990இல் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது முல்லைத்தீவை விட்டு வந்தது. வந்தது என்று எழுதினேன், எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

எங்கள் பக்கம் நோன்பு காலத்தில், விடியமுன் சாப்பிடுகிற சஹர் நேரம் பக்கீர் பாவா றபான் என்கிற தோல் வாத்தியத்தைத் தட்டிக்கொண்டு பைத் என்கிற பாட்டைப் பாடித் தெருத்தெருவாக வருவார். அந்தச் சத்தத்தில்தான் எழும்புவோம். தமிழ்ப் பாட்டுத்தான். பக்கத்துத் தமிழ் வீடுகளிலும் அந்தச் சத்தத்தை வைத்து நேரம் பார்ப்பார்கள் என்று வாப்பா சொல்வார். வன்னி இசைக்காரர் என்று பட்டியல் போடும்போது அந்த றபானும் வன்னியில் கேட்ட சத்தம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். இதைச் சொல்லத்தான் உள்ளே வந்தேன்.

வவுனிக்குளம் எழுதியது:

வஅலைக்கும் முஸ்ஸலாம் காக்கா. கட்டாயம். நீங்கள் எழுதாவிட்டால் பட்டியல் குறைப்பட்டுப் போயிருக்கும். பைத் வரிகள் வாப்பாவுக்கு நினைவிருந்தால் அவருடைய குரலிலேயே பதிந்து தாருங்கள்.

தப்பு எழுதியது:

மலைநாட்டிலிருந்து 58இலும் 77இலும் கலவரத்தில் அடிபட்டு வந்து கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளை நான். எங்கள் ஆட்கள் வரும்போது கொண்டுவந்தது கொஞ்சம் பாத்திரமும் தப்பு மேளமும்தான். காமன் கூத்தை இங்கேயும் போட்டார்கள். மாசியில் காமன் ஊன்றி, ரதியும் மதனும் வீடுவீடாக வந்து ஆடி, கடைசியில் எரிப்பது. வன்னியில் பழைய சனத்துக்கு அது தெரியாத கூத்து. வேடிக்கை பார்க்க வந்து பிறகு ரசிகர் ஆனார்கள்.

எங்களையும் வன்னி என்று எண்ணுவீர்களானால் ஒரு தப்புக்காரரின் விபரம் தருகிறேன். இப்போது கூலி வேலைக்குப் போகிறார். ஆளைக் கேட்டுவிட்டேன். பெயர் போடச் சொல்லிச் சந்தோஷமாகச் சொன்னார்.

பழைய கசற் எழுதியது:

எண்ணாமல் என்ன தம்பி. அந்தக் காட்டை வெட்டியது யார்?

வவுனிக்குளம் எழுதியது:

சரி, பேசியது போதும் என்று நினைக்கிறேன். கூடம் கட்ட யார் காணி தருவார்கள், யார் காசு தருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஐயாமார் இருக்கமாட்டார்கள். கட்டடம் பிறகு வரட்டும். பெயரும் சத்தமும் முதலில்.

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. பதியும்போது சிலவற்றைக் கவனியுங்கள். மத்தளத்துக்கோ பறைக்கோ பக்கத்தில் போனை வைத்தால் சத்தம் உடையும்; சற்றுத் தள்ளி, நிலத்தில் வைக்காமல் கதிரையில் ஒரு துணி விரித்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். முதலில் வாத்தியம் மட்டும் தனியாக, மெதுவான நடையில். பிறகு பாட்டோடு. இடையில் நிறுத்தி இது என்ன நடை, எந்த இடத்தில் வரும் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள். அந்த விளக்கம் வாசிப்பைவிட முக்கியமாகிற நாள் வரும். வீடியோ எடுத்தால் முகத்தைவிடக் கையைக் காட்டுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் ஒலி சுருங்கிவிடும், கோப்பாக அனுப்புங்கள்.

சேர்த்தவற்றை நூலக நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றுகிறார்கள், ஒலி ஒளிப் பதிவுகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். எங்கள் கணினியில் மட்டும் வைத்திருந்தால் பழைய கசற் எழுதிய கதைதான் திரும்பவும் நடக்கும்.

இன்னொன்று. கோவில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் இந்த இழையில் இருக்கிறீர்கள் என்று தெரியும். அடுத்த திருவிழா நோட்டீசில் மேளம், மத்தளம், உடுக்கு, பறை யார் என்று பெயர் போடுங்கள், அவர்கள் சம்மதித்தால். உபயகாரருக்குப் போடுகிற அதே எழுத்தில். இதற்கு ஒரு ரூபாயும் செலவில்லை.

தனி ஆவர்த்தனம் எழுதியது:

நோட்டீஸ் விஷயத்தை எங்கள் கோவில் கூட்டத்தில் நான் எடுக்கிறேன். எதிர்ப்பு வரும். வந்தாலும் கதைப்பேன்.

தட்சிணாமூர்த்தியின் பெயரை இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்பதிலிருந்து நான் இறங்கவில்லை என்பதையும் சொல்லிவைக்கிறேன். மறக்கப்பட்டவரோ இல்லையோ, அவர் பெயருக்குப் பக்கத்தில் நந்திக்கடல் ஓரத்தின் அம்மப்பாவின் பெயர் வந்தால் அது இருவருக்கும் பொருத்தம்.

நந்திக்கடல் ஓரம் எழுதியது:

அம்மாவிடம் கேட்டேன். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ஊரின் பெயரைப் போடவேண்டாம், ஆளின் பெயரைப் போடலாம் என்றார். அடி தெரிந்த ஒருவர் இன்னும் இருக்கிறார் என்றும் சொன்னார், அம்மப்பாவோடு கூடப் போனவர். விலாசம் தேடுகிறேன்.

கட்டுக்கரை எழுதியது:

நான் சனிக்கிழமை ஐயாவிடம் போகிறேன். விருத்தத்தையும் தருவையும் தனித்தனியாகப் பதிவேன். மேசன் தம்பி வேலை இல்லாவிட்டால் மத்தளத்தோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய தகப்பனின் மத்தளம், தோல் மட்டும் புதிதாகப் போடவேண்டும். அதற்கு யாரிடம் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள், மன்னார் வவுனியா பக்கம் என்றால் நல்லது.

ஓமந்தை ரீச்சர் எழுதியது:

வவுனியாவில் மிருதங்கத்துக்குத் தோல் மூட்டுப் போடுகிற ஒருவரை எனக்குத் தெரியும். மத்தளமும் செய்வாரா என்று நாளைக்குக் கேட்டு எழுதுகிறேன்.